குகைக்குள் ஒரு தூக்கம்

படகுத்துறையில் எல்லாரும் அவளைப் படகுக்கார அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடல் குடைந்த குகைகளுக்குள் பயணிகளை ஏற்றிப்போய்ச் சுற்றிக்காட்டுவது அவள் வேலை. "அதோ பாறையில யானை, அதுதான் தும்பிக்கை" என்று சொல்லிச் சொல்லி, அந்த யானையைக் கண்டாலே அவளுக்கு எரிச்சல் வந்தது.

வீட்டில் கணவர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். இரவு முழுக்கக் கூப்பிடுவார். தண்ணீர் என்பார், திருப்பிப் படுக்க வை என்பார். சில நேரம், அவள் இருக்கிறாளா என்று பார்க்கவே கூப்பிடுவார். அவர்மேல் கோபப்படவும் முடியாது. துறையில் டிக்கெட் கொடுக்கும் அவள் தம்பி, "என்னக்கா, மொகம் இப்படி வாடிக் கெடக்கு?" என்று கேட்பான். பதில் வருவதற்குள் அடுத்த ஆளிடம் திரும்பிவிடுவான்.

அன்று மதியம் ஒரு வயதான தம்பதி மட்டும் ஏறினார்கள். பெரியவர் ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். அந்த அம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் பயம். பெரிய குகைக்குள் போனதும் எஞ்சின் முக்கி முனகி நின்றது. அறுந்த வலைத் துண்டு ஒன்று, தண்ணீருக்குள் சுழலும் எஞ்சின் விசிறியில் சுற்றியிருந்தது. அவள் தண்ணீரில் இறங்கி, கத்தியால் அதை அறுத்தெடுப்பதற்குள் கடல் ஏறிவிட்டது. குகை வாயில் அலைகள் கூரையில் மோதிச் சிதறின.

"இப்ப வெளிய போனா பாறையில அடிபடுவோம். தண்ணி வடியட்டும்," என்றாள்.

உள்ளே, அலை எட்டாத உயரத்தில் ஒரு மணல்மேடு. படகைக் கட்டிவிட்டு இருவரையும் கைபிடித்து அதில் ஏற்றினாள். அதற்கப்புறம் செய்ய ஒன்றுமில்லை. "கொஞ்சம் சாஞ்சுக்கிறேங்க," என்று பாறையில் தலை வைத்தவள், அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டாள்.

"ஐயையோ, நம்மள இங்க உக்கார வெச்சுட்டுக் குறட்டை விடுறாங்களே! எழுப்புங்க!"

"சும்மா இரு. தூக்கம் கெட்ட மூஞ்சி எனக்குத் தெரியும், வருஷக்கணக்கா கண்ணாடியில பாத்தவன்," என்றார் அவர். தன் மேல்சட்டையைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினார். "தண்ணி எறங்குறத நான் பாத்துக்கிறேன்."

தண்ணீர் வடிந்து குகை வாயில் வெளிச்சம் தெரிந்தபோது, பெரியவர் அவள் தோளை மெல்லத் தொட்டு எழுப்பினார். அவள் பதறி எழுந்தாள். "வந்துட்டேன், தண்ணி வேணுமா?"

அந்த அம்மா அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "வீட்ல யாரும்மா படுத்திருக்காங்க?" என்று கேட்டார்.

துறையில் தம்பி தவியாய்த் தவித்துக்கொண்டிருந்தான். நடந்ததைக் கேட்டதும் கத்தினான்: "ஆளுங்கள வெச்சுக்கிட்டுத் தூங்கினியா?"

அவளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. "அங்க யாரும் என்னைக் கூப்பிடலடா," என்றாள்.

அவன் படகை இழுத்துக் கட்டினான். சாயங்காலம் பாயும் மாற்றுத் துணியுமாக வீட்டுக்கு வந்து நின்றான். "மாமா, இனிமே ஒருநாள் விட்டு ஒருநாள் ராத்திரிக்கு நான்தான். நீங்க அக்காவக் கூப்பிட்டாலும் நான்தான் வருவேன்."

"உன் மூஞ்சியப் பாத்தா எனக்கே தூக்கம் வந்துடும்," என்றார் கணவர், வாய் கோணச் சிரித்தபடி.

ஆனால் முதலில் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவர் குரல் கேட்கும்போதெல்லாம் உள்ளறையில் எழுந்து உட்கார்ந்தாள். தம்பி எழுந்துபோய்ப் பார்த்துக்கொள்கிறான் என்று மனம் நம்பவே சில வாரங்கள் பிடித்தன. அலுப்பு முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. காலையில் படகைத் தள்ளும்போது கண் எரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.