கௌரி குறித்த இரண்டாவது இடம்

சனிக்கிழமை காலை ஈப்போ சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஆழ்கடலில் எங்கள் எண்ணெய்க் கிணற்றைத் துளைக்கும் கப்பலிலிருந்துதான் என்று பதறி எடுத்தேன். கௌரியின் தம்பி. "அண்ணே, அக்கா போயிட்டாங்க. வீட்டுக்கு வாங்கண்ணே," என்றார். மீனை வாங்கினேனா, விட்டுவிட்டு வந்தேனா, நினைவில்லை.

கௌரியோடு வேலை செய்தவர்களுக்கு எங்கள் தொழிலைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கப்பலிலிருந்து கடலுக்குள் ஒலியை அனுப்பினால், கடலடி மண்ணின் ஒவ்வோர் அடுக்கும் எதிரொலிக்கும். அது கோடு கோடாகப் படத்தில் விழும். எங்கே சேறு, எங்கே எண்ணெய் தங்கக்கூடிய மணல் என்று அந்தக் கோடுகளை வைத்துச் சொல்ல வேண்டும். ஊகம்தான். அதை நம்பித்தான் கிணறு.

நாங்களெல்லாம் திரையில் பளிச்சென்று தெரியும் இடத்துக்கு ஓடுவோம். கௌரி படத்தை மெல்லிய தாளில் அச்சிட்டு ஆளுக்கொன்று கொடுப்பார். அடுத்தவர் தாளைப் பார்க்கக் கூடாது. எந்தக் கோடு எங்கே போய் முட்டி நிற்கிறதோ, அங்கே சிவப்புப் பென்சிலால் அம்பு போட வேண்டும். "மொத அம்பு போடுங்க. கலரு அப்புறம் அடிக்கலாம்லா," என்பார். "இது என்ன, பாலர் பள்ளியா?" என்று நான் கடுகடுப்பேன். சிரிப்பாரே தவிர விட மாட்டார்.

முதல் கிணற்றுக்கு மேலாளர் இடம் பார்த்துவிட்டிருந்தார். கடலடிப் படுகையின் நடுவில் பளிச்சென்று ஒரு திட்டு. கௌரி அவர் முன்னிலையிலேயே எங்கள் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினார். நடுவில் ஒருவரும் அம்பு போட்டிருக்கவில்லை. அங்கே கோடுகள் நொறுங்கிக் கிடந்தன. சரிந்து விழுந்த சேறு. கிழக்கு விளிம்பில்தான் கோடுகள் ஒவ்வொன்றாகச் சரிவில் ஏறி முட்டின. மணல் அங்கே என்றார். எண்ணெய் வராவிட்டால் குழுவையே கலைத்துவிடுவார்கள். போதும், நிறுத்து என்று கண்ணைக் காட்டினேன். அவர் கண்டுகொள்ளவே இல்லை. இடம் மாறியது.

துளைத்ததில் மணல் வந்தது, கௌரி சொன்னபடியே. அதற்குள் தண்ணீர்! எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. "உன்ன யாரு வாயத் தொறக்கச் சொன்னா? எல்லாரும் இனிமே வீட்டுக்குப் போலாம்!" என்று போனில் கத்தினேன்.

"நான் போயி சொல்லிக்கிறேண்ணே. நீங்க கத்தாதீங்க."

மறுநாள் கூட்டத்தில், யாரும் கேட்குமுன் அவரே எழுந்தார். மணல் என்றது சரி. எண்ணெயைத் தடுத்து நிறுத்த மேலே மூடிபோல ஓர் அடுக்கு இருக்கிறது என்று நம்பியது தப்பு. அந்தத் தப்பு தன்னுடையது என்றார். பிசுக்கு ஒட்டியிருப்பதால் எண்ணெய் அந்த வழியாகத்தான் நகர்ந்திருக்கிறது, மணலோடு சரிவில் மேலே போனால் அது தங்கிய இடம் கிடைக்கலாம் என்று இரண்டாவது இடத்தைக் காட்டினார். அந்த இடத்தில் என் தாளிலும் அம்பு இருந்தது. மேலாளர் படத்தில் அந்தச் சரிவின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். கடைசியில், இன்னும் ஒரே ஒரு கிணறு என்றார்.

துளைக்கத் தொடங்கும்போது நோய் கௌரியைப் படுக்கையில் தள்ளிவிட்டது. நான் பார்க்கப் போகும்போதெல்லாம், "எதுவரைக்கும் போயிருக்கு?" என்பார். பக்கத்தில் வந்துவிட்டது என்று ஒருமுறை சொன்னேன். "சும்மா சொல்லாதீங்கண்ணே," என்றார். அவருக்கு ஆறுதல் சொல்லக்கூட எனக்குத் துப்பில்லை.

அந்தச் சனிக்கிழமை, ஈப்போ புந்தோங்கிலுள்ள வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். எங்கள் குழுவைச் சேர்ந்த ஒருவர் என் காதோரம் குனிந்தார். "அவங்க பாத்த எடம்தானே லா. எண்ண வரலன்னா நம்ம தலைல விழாது."

"வாய மூடுங்க," என்றேன். அழுதுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இதை எழுதும்வரை கப்பலிலிருந்து செய்தி இல்லை. கேட்குமுன் எழுந்து நிற்கும் அந்தப் பழக்கத்தைத்தான் கௌரியிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன். எண்ணெய் வந்தால் அவர் பெயரை முதலில் சொல்வேன். தண்ணீர் வந்தால் என் பெயரை.