எந்தத் தெரு என்று கேட்டார்கள்

சுரங்கத்துக்குப் போகிற சாலையில் இருந்த கேன்டீனில் நான் காண்ட்ராக்டில் சேர்ந்த அன்று, சூப்பர்வைசர் என்னிடம் சமைக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. எந்த ஊர் என்றார். குறிஞ்சிப்பாடிப் பக்கம் என்றேன். எந்தத் தெரு என்றார். சொன்னேன். உள்ளே போய்ப் பரிமாறு என்று அனுப்பிவிட்டார். நான்கு வருடமாக அங்கே இருந்த அக்கா பின்பக்கக் குழாயடியில் எச்சில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார். அவர் வீடு காலனியில். ஊர்க் கல்யாணங்களில் அண்டா அண்டாவாகச் சோறு வடித்தவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சாதி என்ற சொல்லை அங்கே யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதுதான் சங்கடம். அக்கா சமையல் வேலை கேட்டால், கழுவுவதில் உன்னை அடிக்க ஆளில்லை என்று புகழ்ச்சியாகவே பதில் வரும். காண்ட்ராக்ட் மாறும்போது அடுப்படியில் நின்றவர்களுக்குத்தான் சமையல் ஆள் என்று பெயர் ஏறும். மற்றவர்கள் கழுவியே ஓய வேண்டியதுதான். புது காண்ட்ராக்டுக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன.

அக்கா சண்டை போடவில்லை. நான் சேர்ந்த நாளிலிருந்தே மகளுடைய பழைய நோட்டில், யாருக்கு என்ன வேலை, அவர் எந்தத் தெரு, எத்தனை வருடமாக இருக்கிறார் என்று தினமும் தேதி போட்டு எழுதினார். மூன்று மாதம் எழுதிய பிறகு, சமையல் வேலை கேட்டு சூப்பர்வைசரிடம் எழுத்தில் கொடுத்தார். பதில் இல்லை. தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வந்தார். சாட்சியாகக் கையெழுத்துப் போடுகிறாயா என்று என்னிடம் கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மதில்மேல் பூனையாக இரண்டு வாரம் ஓட்டினேன். அவர் மறுபடி கேட்கவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரியம்மா கேன்டீன் மேசையிலேயே உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றார்.

"நான் எதையும் கவனிக்கலைங்க" என்றேன்.

எழுதிக்கொண்டார். பிறகு அக்கா கொடுத்திருந்த நோட்டைப் பிரித்து வாய்விட்டுப் படித்தார். நான் சேர்ந்த முதல் நாள், என் பெயர், என் தெரு, பரிமாறல். அடுத்த வரியில் அக்கா, நான்கு வருடம், கழுவல். மறுநாளும் அப்படியே. பக்கம் பக்கமாக அப்படியே. நீங்கள் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். போகலாம் என்றார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"உன் பேர எழுதாம வுட்டுடலாம்னுதான் பாத்தேன் தங்கச்சி. நீ பயந்துகினு இருக்கறது எனக்குத் தெரியும். ஆனா உன் பேரு இல்லன்னா என் பேரு நிக்காது."

அடுத்த மாதம் அவரை உள்ளே எடுத்தார்கள். புது காண்ட்ராக்டில் சமையல் ஆள் என்று பெயரும் ஏறியது. பரிமாறலிலிருந்து நானும் பிறகு அடுப்படிக்கு வந்தேன். இன்றைக்கும் நாங்கள் இருவரும் ஒரே அடுப்படியில்தான் நிற்கிறோம். குழம்பு கொதித்ததும் உப்புப் பார்க்க என் உள்ளங்கையில்தான் முதலில் ஊற்றுகிறார். சரியாக இருக்கிறது அக்கா என்கிறேன். இத்தனை வருடம் கழித்தும் அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடிவதில்லை.