உதிர்காய்

செல்லியம்மாவின் மூக்கைப் பற்றி நான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை புத்தூர் பஸ்ஸில் ஏறிய கையோடு, "யாரோ அழுகினத வச்சிக்கினு குந்தினு இருக்காங்க" என்று அதட்டி, ஒரு கல்யாணச் சீர்த்தட்டையே கவிழ்க்க வைத்தாள். அடியில் ஒரு அழுகின மாம்பழம் கிடந்ததாம். அப்புறம் மூக்குக்கு இன்ஷூரன்ஸ் போட ஹைதராபாத்திலிருந்து ஆள் வந்ததாகவும் கேள்வி.

இனிமேல் சொல்வதில் கழிக்க ஒன்றுமில்லை.

கார்வேட்டிநகரத்துப் பக்கம் அவள் ஊர். சித்தூர் ரோட்டில், ஜூஸுக்கு மாங்கூழ் அரைக்கும் ஃபேக்டரியில் தரம் பார்க்கும் வேலை. லோடு வந்தால் மேலே கொஞ்சம், அடியில் கொஞ்சம் எடுத்து அறுத்துப் பார்ப்பாள். காற்றில் உதிர்ந்து அடிபட்ட காய் வெளியே பச்சைப்பசேல் என்றிருக்கும், உள்ளே கறுத்திருக்கும். அவள் தலையாட்டினால்தான் லோடு உள்ளே போகும்.

சின்ன வயதில் அவள் வீட்டுக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. தோட்டக்காரர்கள் கழித்துப்போட்ட பழத்தை அம்மா பொறுக்கி வருவாள். அழுகலைச் செதுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். "நான் துன்ன அந்த கர்மத்த இன்னொருத்தர் புள்ளைக்கு ஊத்தமாட்டேன்" என்பது செல்லியம்மாவின் ஒரே வீம்பு. காய்ச்சலிலும் அவளை வேலைக்கு இழுத்து வந்தது அந்த வீம்புதான்.

புருஷன் கங்கையாவுக்கு வேறொரு வீம்பு. கூலிக்காரன் என்ற பெயர் போய் ஊர் தன்னை 'ரைத்து', அதாவது விவசாயி, என்று கூப்பிட வேண்டும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் முதன்முதலாக ஒரு தோத்தாபுரி மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தான். காய் பறிக்கும் நேரத்தில் பேய்க்காற்று அடித்தது. பாதி உதிர்ந்துபோயிற்று. உதிர்ந்ததை டிராக்டரில் அடியில் போட்டு, பறித்ததை மேலே பரப்பி, தோளில் புதுத்துண்டோடு ஃபேக்டரிக்கு வந்து நின்றான். தரம் பார்க்கும் மேஜையில் பெண்டாட்டிதானே இருக்கிறாள் என்ற தைரியம்.

"அக்கா, ரைத்துகாரு வந்துட்டாரு!" என்று பக்கத்தில் நின்ற சபீனா கேலி செய்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மேல இருக்கறத மட்டும் அறுக்கா" என்றாள்.

கை பழக்கத்தில் அடிக்குப் போய்விட்டது. அறுத்தாள். கறுப்பு. இன்னொன்று. அதுவும் கறுப்பு.

"இன்னா மாமா இது?"

"காத்துல உயுந்தது. நான் இன்னா, கல்லயா போட்டுக்கினு வந்தேன்? உடு செல்லி."

"எல்லார்தயும் திருப்பி அனுப்பிட்டு உன்துக்கு எப்டி மாமா தல ஆட்டறது?"

"ஊரான் புள்ளைய பாக்கற. என்ன பாக்கமாட்டியா?"

அவள் தலை ஆடவில்லை. டிராக்டர் திரும்பிப் போயிற்று.

வேறெங்கும் விலைபோகாமல் லோடு முழுவதையும் ரோட்டோரம் கொட்டிவிட்டான். வேலை முடிந்து வந்த செல்லியம்மா, ஆடுகளை விரட்டிவிட்டுக் குவியலின் பக்கத்தில் உட்கார்ந்து நல்லதைப் பொறுக்கி மடி நிறையக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கங்கையா தொடவில்லை.

"அதயும் அறுத்துப் பாத்தியா?"

"நல்லதுதான் மாமா."

"என்னயும் அறுத்துப் பாத்துட்ட. கழிச்சும் போட்டுட்ட."

அந்த வாரமே நாயுடுபேட்டைக்கு மூட்டை தூக்கப் போய்விட்டான். போன் அடித்தால் எடுப்பதில்லை.

அடுத்த சீசனிலும் செல்லியம்மா அதே மேஜையில்தான் நின்றாள். முதல் பழம் வந்ததும் காசு கொடுத்து வாங்கி, ஒவ்வொன்றாக முகர்ந்து, வைக்கோல் பரப்பிப் பெட்டியில் அடுக்கி, பஸ் கண்டக்டர் கையில் நாயுடுபேட்டைக்குக் கொடுத்தனுப்பினாள்.

பெட்டி திரும்பி வந்தது. அவள் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. திறந்தபோது பழம் வெயிலில் வெந்து நாறிக் கிடந்தது. அதைச் சொல்ல அந்த மூக்கு வேண்டியதில்லை.

அரிவாள்மணையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அம்மாவைப்போலவே அழுகலைச் செதுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தை ஒரு துண்டு விடாமல் தின்றாள். மறுநாள் காலை வேலைக்குப் போனாள்.