தமிழில் எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது

கொல்கத்தாவில் ஆசிரியர்கள் காலையில் பார்த்துக்கொண்டதும் முதலில் விசாரிப்பது வயிற்றைத்தான். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய், செரித்ததா, நெஞ்சைக் கரித்ததா, இப்போது எப்படி இருக்கிறது என்று ஸ்டாஃப் ரூமில் வட்டமாக உட்கார்ந்து கால் மணி நேரம் பேசுவார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்துதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் நாள் இதைக் கேட்டு நான் வெலவெலத்துப்போனேன். நம் ஊரில் சாப்பிட்டாச்சா என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்வோம். அதற்கப்புறம் உள்ளே என்ன நடந்தது என்பது அவரவர் பாடு. பக்கத்து நாற்காலியில் இருந்த வங்காள மொழி ஆசிரியை என் பக்கம் திரும்பி, "உனக்கு எப்படி இருக்கு?" என்றார். நன்றாக இருக்கிறது என்றேன். அவர் கொஞ்சமும் நம்பவில்லை. கைப்பையிலிருந்து ஓம டப்பியை எடுத்து என் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்தார். "புது ஊர்த் தண்ணி. ரெண்டு நாள்ல தெரியும்." தெரிந்தது. மூன்றாம் நாள் நானே கையை நீட்டினேன்.

அவரை இங்கே ஷர்மிஷ்டாதி என்று அழைக்கிறேன். அக்கா என்பதை இந்த ஊரில் பெயருக்குப் பின்னால் 'தி' என்று ஒட்டிவிடுவார்கள். என் பெயர் பொன்மணி. அவர் முதல் நாளே அதை 'மோனி' ஆக்கிவிட்டார். தூத்துக்குடித் துறைமுக ஆபீஸில் இருந்த என் வீட்டுக்காரருக்குக் கிடர்பூருக்கு மாற்றல் வந்ததில் நாங்கள் இங்கே வந்து சேர்ந்தோம். "மூணே மூணு வருஷந்தான் மணி, கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள திரும்பிருவோம்" என்றார் அவர். மகள் நித்யாவுக்கு அப்போது நாலு வயது. எனக்குக் காளிகாட் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. பெருக்கலும் வகுத்தலும் எந்த ஊரிலும் ஒன்றுதான் என்ற தைரியத்தில் சேர்ந்துவிட்டேன். பிள்ளைகளை அதட்ட ஒரு மொழி வேண்டும் என்பது போன பிறகுதான் உறைத்தது. அந்த மொழியை எனக்குக் கொடுத்தவர் ஷர்மிஷ்டாதி. மதிய இடைவேளையில் ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியம். அதில் இரண்டு கண்டிப்பாகத் திட்டுவதற்கு.

தெற்கே இருந்து வந்தவர்கள் எல்லாரும் இந்த ஊருக்கு மெட்ராஸிகள். மெட்ராஸிகள் எல்லாரும் இட்லி மட்டும் தின்று உயிர் வாழ்கிறவர்கள். நான் கடற்கரைக்காரி, மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது என்று எத்தனை தடவை சொன்னாலும் ஸ்டாஃப் ரூம் நம்பாது. ஒரு நாள் வீம்புக்குச் சீலா மீன் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு போனேன். ஷர்மிஷ்டாதி ஒரு வாய் தின்று, யோசித்து, மிகுந்த இரக்கத்தோடு என்னைப் பார்த்தார். "கடல் மீனெல்லாம் ஒரு மீனா, மோனி?" அன்றைக்கு அவரோடு நான் பேசவில்லை. மறுநாள் வாழை இலையில் கடுகு அரைத்து வேகவைத்த ஆற்று மீனைக் கொண்டுவந்து என் டப்பாவில் வைத்தார். தின்றேன், பேசினேன். எங்கள் சண்டைகள் எல்லாம் இந்த அளவில்தான் இருந்தன.

எழுத ஆரம்பித்தது ஒரு பயிற்சி வகுப்பால். நான்கு வருஷம் முன்பு பள்ளிக்கு வந்த ஒரு அம்மாள், ஆசிரியர்கள் எல்லாரும் தினமும் பத்து நிமிஷம் அன்றைய வகுப்பைப் பற்றி ஒரு வலைப்பூவில் எழுத வேண்டும், எழுதினால்தான் நாம் செய்கிற தப்பு நமக்கே தெரியும் என்றார். எல்லாரும் கைதட்டினோம். ஆளுக்கு இரண்டு பதிவு போட்டுவிட்டு எல்லாரும் மறந்தும்போனார்கள். நானும் ஆங்கிலத்தில் இரண்டு போட்டேன். வாசித்துப் பார்த்தால் லீவ் லெட்டர் மாதிரி இருந்தது. மூன்றாவதை, சும்மா பார்ப்போமே என்று தமிழில் தட்டினேன். பின்னத்தை ஏன் பிள்ளைகள் வெறுக்கிறார்கள் என்று ஆரம்பித்தது, எங்கெங்கோ போய், நான் ஏழாவதில் கணக்கில் வாங்கிய அடியில் முடிந்தது. கிடர்பூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இறங்கும்வரை தட்டினேன். மறுநாளும் தட்டினேன். வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். "என்னத்தயோ எழுதிட்டே வாற. ஸ்டாப்ப விட்டுட்டு நேரா டாக்குக்குள்ள போயி நிக்கப்போற பாரு." ஒரு நாள் அப்படியும் நடந்தது. கைவண்டிகளுக்கும் லாரிகளுக்கும் நடுவில் இறங்கி, அசடு வழியத் திரும்பி நடந்தேன்.

முதலில் பத்துப் பேர் வாசித்தார்கள். பிறகு துபாயிலிருந்து ஒருவர், கனடாவிலிருந்து ஒருவர், என் பழைய காலேஜ் தோழிகள், என்னைப் போலவே வேற்றூரில் பாடம் நடத்தும் டீச்சர்கள் என்று சேர்ந்தார்கள். லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கும்போது ஒரு மாமி, "நீங்கதானே அந்த கணக்கு டீச்சர்?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பொய் சொல்வானேன், தலைகால் புரியவில்லை. இந்த ஊரில் நான் திக்கித் திக்கிப் பேசுகிறவள். அங்கே, அந்தப் பக்கத்தில், மளமளவென்று பேசினேன். நல்ல பழக்கம்தான். ஆனால் அதற்கு ஒரு பசி உண்டு. எதைப் பார்த்தாலும் இது பதிவுக்கு ஆகுமா என்று மனசு கேட்க ஆரம்பித்தது. எதிரில் ஒருவர் அழும்போதே எனக்குள் முதல் வரி ஓடத் தொடங்கிவிடும். அப்போது எனக்கு அதில் வெட்கம் இருக்கவில்லை.

ஷர்மிஷ்டாதி அழுத நாளிலும் ஓடியது. பள்ளி விட்ட பிறகு ஸ்டாஃப் ரூமில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நோட்டு திருத்திக்கொண்டிருந்தோம். அவர் ஏழாம் வகுப்பு நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, மறுபடி முதலிலிருந்து புரட்டினார். பிறகு என் முன்னால் ஒன்றைத் தள்ளினார். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஒரே பாடம், ஒரே தலைப்பு, ஒரே கேள்வி பதில். எல்லா நோட்டிலும் அப்படியே. திங்கட்கிழமை நடத்திய பாடத்தை அவர் மறந்து மறுபடி நடத்தியிருக்கிறார், மறுபடியும் நடத்தியிருக்கிறார். நாற்பது பெண்களும் ஒரு வார்த்தை பேசாமல் மூன்று தடவை எழுதியிருக்கிறார்கள்.

"ஒருத்திகூடச் சொல்லலையே மோனி" என்றார். "என் மனசு கஷ்டப்படும்னு ஒருத்திகூடச் சொல்லலை."

கொஞ்ச நாளாகவே இப்படித்தான் இருக்கிறது என்றார். டாக்டரிடம் போய்வந்திருக்கிறார். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம். "கிளாஸ்ல நிக்கிறவரைக்கும் நான் நல்லாத்தான் இருப்பேன். வீட்டுல உக்கார வச்சா எல்லாம் போயிரும். யார்கிட்டயும் சொல்லாதே." சத்தியம் செய்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாடத்திட்டத்தை ஒரு சின்னத் தாளில் எழுதி வைக்கும்படி கேட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் நான் எழுதிக் கொடுப்பேன். அவர் அதை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு வகுப்புக்குப் போவார்.

சத்தியத்தை நான் மீறவில்லை என்றுதான் நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை, தமிழில் எழுதினேன், அவ்வளவுதான். பெயர் போடவில்லை. என் பக்கத்து நாற்காலி அக்கா, வங்காள மொழி ஆசிரியை, ஏழாம் வகுப்பு, மூன்று தடவை எழுதிய நாற்பது நோட்டுகள். இதையெல்லாம் போட்டேன். நான் எழுதியதிலேயே நல்ல பதிவு அது. இருநூறு பேருக்கு மேல் அழுதேன் என்று எழுதியிருந்தார்கள். இந்த ஊரில் வந்து வாழும் நம்மவர்களுக்கு நான் சொல்வது புரியும். பன்னிரண்டு வருஷமாக மெட்ரோவில் எதிரே நிற்கிறவரைப் பற்றியே தமிழில் பேசிச் சிரித்திருக்கிறோம். மீன்காரர் முன்னாலேயே அவர் தராசைத் திட்டியிருக்கிறோம். தமிழ் எங்களுக்குக் கதவு சாத்திய அறை. பள்ளிச் சுற்றறிக்கைகளைப் போனில் தமிழாக்கி வாசிக்கிறவள் நான். வங்காளம் தமிழாக வரும் என்று தெரிந்தவளுக்கு, அதே வழியாகத் தமிழ் வங்காளமாகப் போகும் என்று தோன்றவே இல்லை.

நித்யாவுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. சொல்லிக்கொடுக்கிறேன் சொல்லிக்கொடுக்கிறேன் என்று நாளைக் கடத்திவிட்டேன். அவள் அப்போது அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. ஷர்மிஷ்டா மாஷி என்றால் அவளுக்கு உயிர். மாஷி என்றால் சித்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடிவந்தாள். முகமெல்லாம் அழுகை.

"மா, நீ இப்படியெல்லாம் எழுதுவியா? எனக்குத் தெரியவே தெரியாதே! நான் பெங்காலில போட்டுப் படிச்சேன். மாஷியப் பத்தி எவ்ளோ ஷுந்தரா எழுதியிருக்க!"

என் மகள் என்னை வாசித்துவிட்டாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக என் எழுத்தை வாசித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். அந்த ஒரு நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு அவள் சொன்னாள். "என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் அனுப்பிட்டேன் மா. குரூப்ல எல்லாரும் அழறாங்க."

மொழிபெயர்ப்பு தப்பாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். வரிக்கு வரி சரியாக இருந்தது. சாயங்காலத்துக்குள் அது பெற்றோர் குழுக்களுக்குப் போனது. திங்கட்கிழமை இரண்டு அப்பாக்கள் வந்து, எங்கள் பிள்ளைகளின் படிப்பு என்ன ஆவது என்று கேட்டார்கள். புதன்கிழமை தலைமை ஆசிரியை ஷர்மிஷ்டாதியைக் கூப்பிட்டு, மருத்துவ விடுப்பில் ஓய்வெடுங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். நாற்பது பிள்ளைகள் வாயைத் திறக்காமல் காப்பாற்றியதை நான் கொட்டிக் கவிழ்த்துவிட்டேன்.

அவர் மேஜையைக் காலி செய்யும்போது பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வங்காளத்தில் நாலு வாக்கியம் தயார் செய்திருந்தேன். நான் ஆரம்பிப்பதற்குள் அவர் என்னைப் பார்க்காமலே பேசினார்.

"நீ கெட்ட எண்ணத்தோட எழுதியிருந்தா திட்டித் தீர்த்திருப்பேன். அன்பாத்தான் எழுதியிருக்கே. உன்னைத் திட்டக்கூட எனக்கு வழி வைக்கலையே நீ."

அதன் பிறகு என் போனை அவர் எடுக்கவில்லை. பதிவை அழித்தேன். அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்? துபாய்க்காரரும் கனடாக்காரரும், ஏன் டீச்சர் எழுதவில்லை, உடம்பு சரியில்லையா என்று கேட்டபடி இருந்தார்கள். பதில் போடவில்லை. நித்யா, நான்தானே அனுப்பினேன் என்று பல நாள் சோறு இறங்காமல் கிடந்தாள். நீ இல்லை, நான்தான் என்றேன். இரண்டு பேருமே ஒருவரை ஒருவர் நம்பவில்லை. அவள் அதற்குப் பிறகு நான் எழுதிய எதையும் வாசிக்கக் கேட்டதில்லை.

ஒன்றரை வருஷம் கழித்துப் போன மாதம் ஷர்மிஷ்டாதியின் கணவர் போன் செய்தார். உடனே போனேன். காளிகாட் சந்துக்குள் பழைய வீடு. கதவைத் திறந்தவர் உள்ளே விடாமல் கொஞ்ச நேரம் நின்றார். "தினமும் மோனி எங்கே, மோனி ஏன் வரலைன்னு கேக்குறா. அதனாலதான் கூப்பிட்டேன். நடந்தது அவளுக்கு ஞாபகம் இல்லை. எனக்கு இருக்கு." தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளேயிருந்து குரல் வந்தது. "மோனியா? ஏன் இத்தனை நாள் வரலை? வயிறு சரியில்லையா?" என் முகத்தைத் தடவிப் பார்த்து, இளைத்துப்போய்விட்டாயே என்று வருத்தப்பட்டார். யார் காலில் விழுந்து அழ வேண்டும் என்று காத்திருந்தேனோ அவர் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் போகிறேன். எழுதும் பழக்கம் மெல்லத் திரும்பியிருக்கிறது. ஆனால் ஒருவரைப் பற்றி எழுதினால் அவருக்கு முதலில் வங்காளத்தில் வாசித்துக்காட்டாமல் போடுவதில்லை. இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று ஷர்மிஷ்டாதியின் கணவரிடம் கேட்டேன். "எழுது. இனிமே ஒளிக்க என்ன இருக்கு? பேரை மட்டும் மாத்திடு" என்றார். மாற்றினேன். நேற்று ஷர்மிஷ்டாதி பக்கத்தில் உட்கார்ந்து, தமிழைப் பார்த்துப் பார்த்து வங்காளத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன். நடுநடுவே என் வங்காளத்தைத் திருத்தினார். அதில் மட்டும் ஒன்றும் மறக்கவில்லை. பிள்ளைகள் மூன்று தடவை எழுதிய இடத்தில், "ஆஹா ரே" என்று கண் கலங்கினார். அது தன் கதை என்று அவருக்குத் தெரியவில்லை. முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அந்த டீச்சரம்மா, அந்த மெட்ராஸ்காரிய மன்னிச்சாங்களா?"

அவர் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான், "மன்னிச்சுட்டாங்க ஷர்மிஷ்டாதி" என்றேன்.

"நல்ல மனுஷி" என்றார். "நானா இருந்தா மன்னிச்சிருக்க மாட்டேன்."

பிறகு மோனிக்கு டீ போடுங்கள் என்று கணவரிடம் சொன்னார். மூவரும் குடித்தோம். வங்காளத்தில் எங்கள் கதை நல்லபடியாக முடிந்துவிட்டது. அந்தக் கடைசிப் பேச்சை இப்போது தமிழில் உங்களுக்கு எழுதுகிறேன். இதை மட்டும் அவருக்கு வாசித்துக்காட்ட மாட்டேன்.