மலையில் சொன்ன பெயர்

பம்பாய்க்கு வந்து மூன்று வருஷமாகிறது. கூட்டமும் ரயிலும் எப்படியோ பழகிவிட்டன. போகிற இடமெல்லாம் புருஷன் பெயரைக் கேட்பதுதான் இன்னும் பழகவில்லை. இங்கே பெண்களின் பெயருக்கு நடுவிலேயே அந்தப் பெயரும் உட்கார்ந்திருக்கிறது. போன வருஷம் ரேஷன் ஆபீஸில் குமாஸ்தா, "பதி கா நாம்?" என்றார். பழைய கார்டை நீட்டினேன். வாயால் சொல்லச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, "குஜர் கயே க்யா?" என்றார். இறந்துவிட்டாரா என்று கேட்டிருக்கிறார். மாடிப்படி இறங்கும்போதுதான் அது எனக்குப் புரிந்தது. என் அரைகுறை ஹிந்தியில் சும்மா தலையாட்டி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வீடு வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன்.

எங்கள் பக்கத்தில் புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள். என் அப்பா பெயர் வெங்கடாசலம். அதனால் அம்மா கோவிலில்கூட "ஏழுமலையானே" என்றுதான் கும்பிடுவாள். அவளை யாரும் அப்பா பெயரைக் கேட்டதே இல்லை. தெருவில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். நான் பட்டணத்துப் பெண், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வேன். ஆனாலும் இவர் பெயரை வாயால் சொன்னதில்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில், இவருடைய ஆபீஸ் சிநேகிதர் சாவந்த் எங்களை ஒரு மலைக்கோட்டைக்குக் கூப்பிட்டார். மராத்திக்காரர்கள் சாமி தரிசனம் இல்லாவிட்டாலும் மலை ஏறுவார்கள். கர்ஜத்தில் ரயிலை விட்டு இறங்கி, சாவந்தும் அவர் மனைவி சுசீலாவும் முன்னால் நடக்க, ஒன்றரை வயதுக் குழந்தையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நாங்கள் ஏறினோம். வழியில் சாவந்த் இவருக்கு ஒரு கதை சொன்னார். மேகம் இறங்கினால் இந்த மலையில் 'சக்வா' என்று ஒன்று வருமாம். தெரிந்த பெண் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பின்னாலேயே போகிறவனைச் சுற்றிச் சுற்றி நடக்கவைத்துப் பள்ளத்தில் தள்ளுமாம். "எங்க ஊர் மோகினிக்கு அக்காவா?" என்று இவர் சிரித்தார்.

மேலே இருந்தது இடையர்கள் கட்டிய கல் குடிசை. தகரக் கூரை, கதவுக்குப் பதில் ஒரு சாக்குப்படுதா. நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். சாவந்தும் இவரும் பாறையில் வெட்டிய தொட்டியில் தண்ணீர் எடுக்கப் போனார்கள். சுசீலா மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டுவதற்குள் மேகம் வாசலுக்கே வந்துவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. சற்று நேரத்தில் சாவந்த் மட்டும் வந்தார். "ஐயர் வந்தாச்சா?" என்று இவரைப் பற்றிக் கேட்டார். வரவில்லை என்றதும் அவர் முகம் மாறியது. "ஐயர்! ஐயர்!" என்று கத்திக்கொண்டே திரும்பி ஓடினார்.

தொட்டிக்குக் கீழே மலை அப்படியே செங்குத்தாக இறங்குகிறது. ஏறும்போது நானே பார்த்திருந்தேன். இவருக்கோ கண்ணாடி நனைந்தால் எதிரில் நிற்கிற ஆள் தெரியாது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, "ஏன்னா! ஏன்னா!" என்று கூப்பிட்டேன். காற்று அதை வாயிலேயே அமுக்கிவிட்டது. குழந்தை வீரிட்டு அழுதது. சுசீலா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"க்யா ஏன்னா ஏன்னா? நாம் லேகே புலாவ்!"

பெயர் சொல்லிக் கூப்பிடு என்கிறாள். நான் முடியாது என்று தலையசைத்தேன். அவளுக்கு உடனே புரிந்தது. அவர்களிலும் மனைவி கல்யாணச் சடங்கில் பாட்டுக்குள் வைத்துத்தான் புருஷன் பெயரைச் சொல்வாளாம், சும்மா சொல்லமாட்டாளாம்.

"மை பீ நஹி லேதி," என்றாள். நானும் சொல்வதில்லை. "மகர் இதர் கோன் சுன்தா ஹை?"

இங்கே யார் கேட்கப்போகிறார்கள்? நான் தாலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினேன். மூன்று தரம். எதிர்ப் பள்ளத்திலிருந்து அது வேறு யாரோ கூப்பிடுவது மாதிரித் திரும்பி வந்தது. பிறகு சத்தமே இல்லை. நானே என் வாயால் அவரைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அந்த அரைமணி நேரம் எப்படிப் போயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மேகம் கொஞ்சம் விலகியபோது சாவந்த் அவரைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார். விளிம்புக்குப் பத்தடி இருக்கையில் ஒரு பாறையில் சாய்ந்து, செம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அடுப்பருகே குளிர் காய்ந்தபிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"குடிசை இந்தப் பக்கம்தான்னு விறுவிறுன்னு நடந்துண்டிருந்தேன். யாரோ ஒரு பொம்மனாட்டி எதிர்ல இருந்து என் பேரைச் சொல்லிக் கூப்ட்டா. உன் குரல் மாதிரியே இருந்தது. ஆனா நீ சொல்லவே மாட்டியே! சாவந்த் சொன்ன சக்வாதான்னு நெனச்சு, ஒரு அடிகூட எடுத்து வைக்காம அங்கேயே உக்காந்துட்டேன். அவ கூப்டலேன்னா இன்னும் பத்தடி போயிருப்பேன்."

சுசீலாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ரொட்டிக்கு மாவு பிசைகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள். நான் அவருக்குப் போர்வையை இழுத்துவிட்டேன். விடியும்வரை அவர் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே கை வைத்துப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். நான் பெயரைச் சொன்னது அவரைக் காப்பாற்றியதா, ஆயுசைக் குறைத்ததா, இரண்டும்தானா என்று யாரைக் கேட்பேன்? பிற்பாடு அம்மாவுக்கு மலையைப் பற்றியும் குளிரைப் பற்றியும் கடிதம் போட்டேன். இதை எழுதவில்லை.

மறுநாள் சாயங்காலம் தாதரில் இறங்கினோம். கூட்டம் எங்களைப் பிரித்துவிட்டது. அவர் நான் கூடவே வருகிறேன் என்று நினைத்து, பையோடு, வீட்டுக்குப் போகிற மாதுங்கா வண்டிக்குப் பாலம் ஏறிப் போய்க்கொண்டிருந்தார். "ஏன்னா!" என்றேன். யாரோ இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள், அவர் திரும்பவில்லை. அந்தப் பெயர் நாக்கு நுனியில் வந்து நின்றது. இந்த ஊரில் அதைச் சொன்னால் யாரும் ஒரு நிமிஷம் நின்று பார்க்கப்போவதில்லை. ஆனால் அவர் திரும்புவார், மலையில் கூப்பிட்டது யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டு, குழந்தையை இறுக்கிப் பிடித்து, கூட்டத்துக்குள் ஏறி இறங்கிப் போகிற அந்தத் தலையின் பின்னாலேயே ஓடினேன்.