கௌசியின் கறுப்புத் திரையும் பேரின்பநாதரின் சிக்கனமும்

2009 மே 12 – புதுக் கேபிள் – 38 டொலர்
மே 20 – புதுத் திரை – 215 டொலர்
ஜூன் 4 – திருத்துநர் வந்து போனது – 140 டொலர்
ஜூன் 16 – புதுப் பெட்டி – 390 டொலர்
ஜூன் 30 – திருத்துநர் மீண்டும் – 140 டொலர்
இதே காலத்தில் மின்சாரத்தில் பிடித்த மிச்சம் – 3 டொலர் 60 சதம்

கடைசி வரியைப் பேரின்பநாதர் பிறகுதான் சேர்த்தார். தன் அறுபத்தாறு வயதுக்குள் அவர் எழுதிய எந்த வரியும் திரும்பி அவரையே பார்த்து இப்படிப் பல்லிளித்ததில்லை.

கனடாவில், சபனெல் தெருவில் உடுப்பு இறக்குமதி செய்யும் கம்பனி ஒன்றின் ஐந்தாம் மாடியில் அவர் பதிவு எழுத்தர். மட்டக்களப்பில் கூட்டுறவுச் சங்கத்தில் பார்த்ததும் இதே வேலைதான். எந்தப் பெட்டி என்றைக்கு வந்தது, யார் கையெழுத்து வைத்தது, எத்தனை பொத்தான் குறைந்தது என்று அவரைக் கேட்டால் போதும். கேட்காவிட்டாலும் சொல்வார்.

அந்த வசந்தத்தில் கம்பனி எல்லோருடைய கொம்பியூட்டர்களையும் தூக்கிவிட்டு, மேசைக்கு ஒரு திரையும் உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னப் பெட்டியும் வைத்தது. உண்மையான கொம்பியூட்டர் எல்லாம் இனித் தலைமை அலுவலகத்துச் சேர்வருக்குள்ளே இருக்குமாம். காலையில் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தால், நேற்று விட்ட இடம் அப்படியே திரையில் வந்து நிற்குமாம்.

எல்லோருக்கும் வந்தது. கௌசிக்கு மட்டும் வரவில்லை.

கௌசி திருகோணமலைப் பெண். ஏப்ரலில்தான் சேர்ந்தவள். மூன்று மாதம் சோதனைக்காலம். பாஸ்வேர்டை அடித்தால் 'வருக' என்ற சொல் வரும், பிறகு திரை தார் போட்ட தெருவைப்போலக் கறுத்துவிடும். மூலையில் அம்புக்குறி மட்டும் தனியே நிற்கும். தலைமை அலுவலகத்தைத் தொலைபேசியில் பிடித்துச் சேர்வரைத் தட்டி எழுப்புவதற்குள் ஒன்பதரை ஆகிவிடும். வேலைக்கு வந்த நேரத்தையும் அதே சேர்வர்தான் குறித்தது. கௌசி ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கவே கதிரையில் இருந்தாலும், சேர்வரின் கணக்கில் அவள் அநேகமாகத் தினமும் பிந்தித்தான் வந்தாள். மே மாதக் கடைசியில் முதல் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மூன்றாவது கடிதம் வந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

பேரின்பநாதருக்கு மனசு கேட்கவில்லை. காலையில் அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"புள்ள, நீ பாஸ்வேர்டை இந்த அடி அடிச்சா அது என்ன செய்யும்? கொஞ்சம் மெல்லமா அடி பாப்பம்."

"மெல்லமா என்டா எப்பிடி அங்கிள்? தடவிக் குடுக்கவா? தாலாட்டும் பாடவா?"

"பகிடி விடாத. என்ர திரை ஒரு நாளாவது கறுத்ததா?"

"உங்களுக்குப் பயந்து கறுக்காமல் இருக்குது."

அவருடைய திரை கறுத்ததே இல்லை என்பது உண்மை. ஆகவே பிழை பெட்டியில் இல்லை, பெண்ணில்தான் என்று முடிவு கட்டினார். அவளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று மனேஜருக்கு ஒரு பக்கக் குறிப்பும் எழுதினார்: 'பிள்ளை நல்ல பிள்ளை. அவசரப்பட்டு அடிப்பதே காரணம். பயிற்சி கொடுத்தால் சரிவரும்.' இரண்டாவது எச்சரிக்கைக் கடிதம் வந்தபோது அந்தக் குறிப்பின் பிரதியும் ஆதாரமாகக் கூடவே வந்தது. கௌசி இரண்டு நாள் அவருடன் கதைக்கவில்லை.

திருத்துநர் அனந்தராமன் சென்னைப் பையன். முதலில் தொலைபேசியிலேயே கேபிளை மாற்றச் சொன்னான், மாற்றினார்கள். திரையை மாற்றினார்கள். பெட்டியையே மாற்றினார்கள். கறுப்பு மட்டும் மாறவில்லை. ஜூன் 30, செவ்வாய்க்கிழமை, அவன் மறுபடியும் வந்தபோது பேரின்பநாதர் தன்னுடைய கண்டுபிடிப்பை எடுத்து வைத்தார்.

"தம்பி, ஒண்டு கவனிச்சனீங்களா? செவ்வாய்க்கிழமை காலையில மட்டும் கறுக்கிறேல்ல. இண்டைக்கும் பாருங்க, நல்லாத்தான் வந்தது. திங்கள் இரவில சேர்வருக்கு ஓய்வு குடுக்கிறாங்கள் போல."

"சேர்வருக்கு ஏது சார் ஓய்வு? நமக்கே இல்ல. திங்கட்கிழமை சாயங்காலம் இங்க என்ன சார் வித்தியாசம்?"

"ஒரு வித்தியாசமும் இல்ல. நான் மட்டும் முழங்கால் வைத்தியத்துக்கு நாலு மணிக்கே போயிருவன்."

இருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐந்தரைக்கு எல்லோரும் கிளம்பினார்கள். கௌசி மற்றவர்களைப்போல வெளியேறும் பொத்தானை அமுக்கி, ஒவ்வொரு புரோகிராமும் மூடும் வரை காத்திருப்பதில்லை. திரையைப் பூட்டிவிட்டு மெட்ரோவுக்கு ஓடுவாள். செயின்ட்-மிஷேல் பகுதியில் அவளுடைய மகனை விட்டிருக்கும் கார்டெரி, பிள்ளைகள் காப்பகம், ஆறு மணிக்கு மூடும். பெட்டிகளை வைக்க வந்த நாளில், பூட்டினாலே போதும் என்று சொல்லிக்கொடுத்தவன் அனந்தராமன்தான். அவன் இப்போது அவளுடைய மேசைக்குக் கீழே தவழ்ந்து, தன் மடிக்கணினியையும் அங்கேயே செருகிவிட்டு ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். மடிக்கணினியின் பற்றரி செத்து வெகுகாலம்.

பேரின்பநாதர் தன் கடைசிச் சுற்றைத் தொடங்கினார். முழங்கால் வைத்திய நாள் போக, மற்ற நாளெல்லாம் கடைசியாக வெளியேறுபவர் அவர்தான். மாரி இடியில் கூட்டுறவுச் சங்கத்து ரேடியோ ஒருமுறை கருகிப்போன நாளிலிருந்து, எதையும் மின்சாரத்தில் விட்டுவிட்டு அவர் படி இறங்கியதில்லை. மேசை மேசையாகப் போய்ச் சப்பாத்து நுனியால் சுவிச்சை அமுக்கிக்கொண்டு வந்தார். ஜன்னலோரம் இருந்ததால் கௌசியின் மேசையில் அவருக்குத் தனி அக்கறை.

டிக்.

"ஐயோ! கரண்ட் போச்சு சார்!" மேசைக்குக் கீழிருந்து குரல் வந்தது.

"போகல்ல தம்பி, நான்தான் நூத்தனான்."

"என்னது, நீங்க ஆஃப் பண்ணீங்களா?"

"ஓம். தினமும் நான்தான் நூக்கிற. இடி மின்னல் நேரம்."

அனந்தராமன் தலையை மேசையில் இடித்துக்கொண்டு வெளியே வந்தான். "தினமும்னா... திங்கட்கிழமை?"

"திங்கட்கிழமை நான் நாலு மணிக்கே..." என்ற பேரின்பநாதர் சப்பாத்து நுனியைச் சுவிச்சிலிருந்து மெல்ல எடுத்தார்.

அனந்தராமன் பொறுமையாக விளக்கினான். பூட்டிய திரைக்குப் பின்னால் கௌசியின் வேலை சேர்வரில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பெட்டியின் உயிர் திடீரென்று போனாலும் அது இன்னும் அங்கே இருப்பதாகவே சேர்வர் நம்புகிறது. காலையில் அதே பெட்டி புது ஆளாக வந்து கதவைத் தட்டும்போது, படமெல்லாம் இப்போது அங்கே இல்லாத அந்தப் பழைய ஆளுக்கே போய்க்கொண்டிருக்கும். கௌசிக்கு மிஞ்சுவது கறுப்பு. முறையாக வெளியேறிவிட்டுப் போகிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது.

"ஆக, ஒழுங்கா வெளியேறுற எனக்கு வராது," என்றார் பேரின்பநாதர்.

"உங்களுக்கு வராது சார். உங்களால வரும்."

போகுமுன் அனந்தராமன் சுவிச்சைத் திரும்பப் போட்டு, சேர்வரில் சிக்கிக்கிடந்த கௌசியின் பழைய வேலையையும் மூடிவிட்டான். அடுத்த நாள் கனடா தின விடுமுறை. வியாழன் காலை, சுவிச் நூர்க்காத மேசையில் கௌசி பாஸ்வேர்டை வழக்கம்போல ஓங்கி அடித்தாள். திரை பளிச்சென்று வந்தது. பேரின்பநாதர் பக்கத்தில் நின்று நடந்ததைச் சொன்னார். அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவரைப் பார்த்தாள்.

"இடிக்குப் பயந்தே நூத்தனீங்கள்? எனக்கு விழுந்த இடியே நீங்கதான் அங்கிள்!"

"விழுந்ததைத் தூக்குவம் புள்ள."

மனேஜருக்கு அவர் இரண்டாவது குறிப்பை எழுதினார். முதல் குறிப்பு ஒரு பக்கம் என்றால் இது மூன்று வரி: பிள்ளையின் விரலில் பிழை இல்லை. பிழை என் சப்பாத்து நுனியில். இரண்டு எச்சரிக்கையையும் என் பெயருக்கு மாற்றித் தரவும்.

இரண்டு கிழமையாக ஒரு பதிலும் இல்லை. சோதனைக்காலம் முடிய மூன்று நாள் இருக்கையில் கௌசியின் பெயருக்கு மூன்றாவது கடிதம் வந்தது. தபாலைப் பிரித்துக் கொடுப்பதும் பேரின்பநாதரின் வேலை. உறையை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார். அவள் கிழித்து, வாசித்து, அவரிடமே நீட்டினாள். எச்சரிக்கைகள் இரண்டும் ரத்து. வேலை நிரந்தரம். அடியில் ஒரு வரி: 'பிரதி – திரு. பேரின்பநாதன். இன்று முதல் இவர் இந்த மாடியில் எந்தச் சுவிச்சையும் தொடக்கூடாது.'

"வாசிச்சிட்டீங்களா அங்கிள்? லைற்றும் சுவிச்தான்."

அன்று மாலை அவர் கழிப்பறை விளக்கைக்கூட எரியவிட்டு வீட்டுக்குப் போனார். போகுமுன் தன் பிரதியில் வழக்கம்போலத் தேதியைக் குறித்தார்: கிடைத்தது, 2009 ஜூலை 17, வெள்ளிக்கிழமை.