குழாய்க்காரம்மாவும் கூட வரும் ஆளும்

அந்தத் தெருக்களில் எந்த வீட்டில் குழாய் ஒழுகினாலும் இரண்டு பேர் வருவார்கள். முன்னால் பெரிய மீசையோடு ஓர் ஆள், பின்னால் அவர் மனைவி. தொழில் தெரிந்தவள் மனைவி. அப்பாவோடு கூடவே போய்க் கற்றுக்கொண்டது. மீசைக்கு ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதிலேயே சந்தேகம் உண்டு.

ஆரம்பத்தில் அவள் தனியாகத்தான் போனாள். "ஆம்பள யாரும் வரலையாம்மா?" என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். செருப்புக் கடை வேலை போய் வீட்டில் சும்மா இருந்த கணவனைக் கூட்டிக்கொண்டு போனாள். கதவுகள் அகலத் திறந்தன! இடுப்பில் கை வைத்து நின்று அவ்வப்போது "ம்" கொட்ட வேண்டும், அவ்வளவுதான் அவர் வேலை. அவர் சொல்லச் சொல்ல இவள் செய்வதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். தொட்டிக்கு அடியில் தலையை விட்டு மல்லுக்கட்டிவிட்டு அவள் வெளியே வந்தால், "ரொம்ப நன்றி மேஸ்திரி" என்று அவரிடம் சொல்வார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மேஸ்திரி, மேஸ்திரி என்று கேட்டுக் கேட்டு மனுஷனுக்குத் தலைக்கேறிவிட்டது. ஒரு நாள் அவள் வெளியே போயிருந்தபோது கண்ணாடிக் கடைக்காரர் வீட்டிலிருந்து அழைப்பு. "இதோ வந்துட்டேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு தனியாகவே கிளம்பிவிட்டார். போனவர், மெயின் வால்வை மூடாமலே குழாயைக் கழற்றினார். அப்புறமென்ன, வீடு முழுக்க வெள்ளம். இரண்டு உள்ளங்கையாலும் குழாயைப் பொத்திக்கொண்டு, மனைவிக்குப் போன் போடச் சொல்லிக் கத்தினார்.

அவள் ஓடி வந்து வால்வை மூடினாள், குழாயைப் பொருத்தினாள். கடைக்காரரோ சொட்டச் சொட்ட நின்ற மீசையிடமே பேசினார்.

"என்ன மேஸ்திரி, இத்தனை வருஷ அனுபவம், இப்படிப் பண்ணிட்டீங்களே?"

அவள் தலை நிமிரவில்லை. இப்போதும் இவர் "ம்" கொட்டிவிட்டால், சாகிற வரைக்கும் தான் எடுபிடிதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவர் இல்லையென்று தலையாட்டினார். "நான் மேஸ்திரி இல்லீங்க. சும்மா பை தூக்குறவன். போன தடவை உங்க மோட்டாரைச் சரி பண்ணதுகூட இவதான்."

கடைக்காரர் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். "அப்புறம் எதுக்கும்மா இவரைக் கூட்டிக்கிட்டு அலையறீங்க?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்காகத்தாங்க."